வருத்தம் பதிவாயிற்று

ஒரு சொல்லுக்கு ஒரு நிகர். பிராட்டிஸ்லாவாவில், டான்யூப் நதியைப் பார்த்த ஜன்னல்கள் இருந்தும் அவை திறக்கப்படாத ஒரு மூன்றாம் மாடியில் இயங்கிய நிகர்ச்சொல் ஒருமைப்பாட்டு ஆணையம், இந்தக் கொள்கையின்மீதுதான் நின்றுகொண்டிருந்தது. நீதிமன்றத்துக்கும் நோட்டரிக்கும் போகும் ஆங்கிலத் தாள்களை ஸ்லோவாக்கில் பெயர்க்கும் அரசு மொழிபெயர்ப்பாளர்கள் அனைவரும் ஆணையம் நிறைவேற்றிய நிகரையே எழுத வேண்டும். வேறு சொல் எழுதினால் வட்ட முத்திரை பறிபோகும். முத்திரை போனவர் ஆங்கிலம் தெரிந்த சாதாரண ஆள் ஆகிவிடுவார். அப்படிப்பட்டவர்கள் அந்நகரத்தில் டிராமுக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள்.

ஜெல்மீரா பலூகோவாவின் கையில் முத்திரை வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தொழில் செய்பவர்களின் பிரதிநிதி என்ற முறையில் ஆணையத்தில் அவளுக்கு ஒரு நாற்காலியும் உண்டு. அந்த நாற்காலிக்கு வாக்கு இல்லை. ஆலோசனை மட்டும் உண்டு. ஆலோசனை கேட்கப்பட்டதாக நடவடிக்கைக் குறிப்பில் எழுதுவதற்காகவே அந்த நாற்காலி போடப்பட்டிருந்தது.

ஜூன் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, ஆணையம் பதினாறாவது முறையாக 'ஸாரி' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டது.

தலைவர் ஸ்வெதோசார் கிர்கோஷ்கா, பெயருக்கு முன்னால் 'டொசென்ட்' என்ற பேராசிரியப் பட்டம் உட்பட மூன்று பட்டங்களும் பின்னால் ஒன்றும் உடையவர். மேசைமேல் ஐந்து அட்டைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. டிராமில் ஒருவர் காலை மிதித்தவன் சொல்லும் ஸாரி; சாவு வீட்டில் சொல்லும் ஸாரி; காது கேட்காதவன் 'என்ன?' என்பதற்குப் பதிலாகச் சொல்லும் ஸாரி. இடமில்லை என்று கதவைச் சாத்தும் ஓட்டல்காரரின் ஸாரி. 'ஸாரி ஸ்டேட்' என்பார்களே, அப்படிப் பரிதாபமான நிலையில் இருக்கும் கூரையைப் பற்றிய ஸாரி. ஐந்துக்கும் ஸ்லோவாக்கில் ஐந்து சொற்கள் உண்டு என்பதை ஐந்து வயதுக் குழந்தையும் அறியும். ஆணையம் அறிந்திருந்தது, அதனால்தான் பதினாறு கூட்டங்கள் ஆயின.

"மனுஷங்க பல விதமா வருத்தப்படுறாங்க. அது அவங்க சுதந்திரம், நான் குறுக்கே நிக்கல," என்றார் கிர்கோஷ்கா. "ஆனா அரசாங்கத்துக் காகிதத்துல வருத்தப்படும்போது எல்லாரும் ஒரே மாதிரி வருத்தப்படணும். மக்களுக்குப் புரியணும்னு நாம இங்க உட்காரலை. எல்லாருக்கும் ஒரே மாதிரி புரியணும்னுதான் உட்கார்ந்திருக்கோம். புரியலைன்னாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி புரியாம இருக்கணும். சமத்துவம்னா அதுதானே?"

உற்சாகத்தில் அவர் கை பட்டுக் காபிக் கோப்பை கவிழ்ந்தது. "ஸாரி," என்றார் டொசென்ட்.

குறிப்பெழுதும் செயலாளர், எஞ்ஜினியர் பட்டம் பெற்ற ஓத்தீலியா வவாகோவா, பேனாவை நிறுத்தினாள். "டொசென்ட் ஐயா, நீங்க இப்ப சொன்னதை எப்படி எழுதட்டும்?"

"சொல் இன்னும் நிறைவேறலையே. எழுதாதீங்க."

"காபி கொட்டினது இருக்கு. அதுக்கு அடுத்தது இல்லாம இருந்தா, நீங்க சும்மா கொட்டிட்டுப் போன மாதிரி இருக்கும்."

"அப்ப காபியும் கொட்டலைன்னு வச்சுக்கோங்க."

ஈரமான தாளில் ஓத்தீலியா தொடர்ந்து எழுதினாள்.

மணி பன்னிரண்டு இருபது. அந்நாட்டில் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மலையடிவாரத்தில் சிறு வீடும் தோட்டமும் இல்லை என்று பொருள். ஜெல்மீராவுக்கு இருந்தது. ஜார்னோவித்ஸாவில், தகரக் கூரையின்கீழ், ஒரே ஒரு செர்ரி மரத்துடன். செர்ரி பழுத்திருந்தது. போன வாரமும் கூட்டம் நீண்டு, ரயிலைத் தவறவிட்டு, பாதி மரத்தைப் பறவைகளுக்குக் கொடுத்தாகிவிட்டது. ஒன்று ஒன்பதுக்கு ரயில். பெட்டி மேசைக்கடியில் காலை உரசிக்கொண்டிருந்தது.

அவள் கையை உயர்த்தினாள். "ஒரு யோசனை. யார் வருத்தப்படுறாங்க, எதுக்கு வருத்தப்படுறாங்கன்னு பார்த்தாத்தானே சிக்கல்? பார்க்காம, 'வருத்தம் பதிவாயிற்று'ன்னு வச்சுக்கலாமே. அஞ்சு அட்டைக்கும் பொதுவாப் போயிரும்."

பொதுவாக எதற்கும் போகாது என்பது சொல்லும்போதே அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தெரிந்தே தப்பாக இட்டவளல்ல. ஆனால் அந்தக் கணத்தில் அவள் கண்ணுக்கு அட்டைகள் தெரியவில்லை. செர்ரிக் கொத்துகள் தெரிந்தன.

அறையில் ஒரு நிம்மதி பரவியது. மற்றவர்களின் பெட்டிகளும் மேசைக்கடியில்தான் இருந்தன.

"யாரையும் குத்தம் சொல்லலை. யாரும் குத்தத்தை ஒத்துக்கவும் இல்லை," என்றார் கிர்கோஷ்கா, சுவைத்துப் பார்ப்பவர்போல. "ஆள் இல்லாத வருத்தம். இதை ஏன் பதினஞ்சு கூட்டமா நாம யோசிக்கலை?"

பதினோரு நிமிடத்தில் ஒருமனதாக நிறைவேறியது. ஜெல்மீராவுக்கு ரயில் கிடைத்தது. இருக்கையும் கிடைத்தது.

*

செப்டம்பரில் இர்மா ஷுலாயோவா வந்தாள். தெத்வா ஊர்க்காரி, நாற்பது ஆண்டு தையல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கைப்பைக்குள் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரு கடிதம். இங்கிலாந்தில் ஹல் என்ற ஊரின் முதியோர் இல்லத்தில் பணிப்பெண்ணாக இருந்த தங்கை ஜோஃபியா ஜூலையில் இறந்துபோனாள். இல்லத்துத் தலைமைச் செவிலி கைப்பட எழுதிய கடிதம் அது. தங்கையின் உடைமைகள் கடைசிப் பத்தியில் பட்டியலாக இருந்ததால், வாரிசு விசாரணைக்கு அதை முத்திரை மொழிபெயர்ப்பாகக் கொண்டுவரும்படி நோட்டரி சொல்லியிருந்தார்.

"நோட்டரிக்குக் கோட்டும் பெட்டியும் தெரியணும். எனக்கு அதுக்கு மேல எழுதியிருக்கறது தெரியணும், டாக்டரம்மா," என்றாள் இர்மா. ஜெல்மீரா டாக்டர் அல்ல. ஆனால் முத்திரை வைத்திருப்பவரை டாக்டர் என்று அழைத்துவிடுவதே அங்கு பாதுகாப்பானது. "அங்க அவளை மனுஷியா நடத்தினாங்களா, அவ போனதுல யாருக்காவது மனசு நொந்துச்சா, அதுதான். அவகிட்ட போன்ல கேட்டா 'எல்லாம் நல்லா இருக்கு'ம்பா. பல்லு வலிச்சாலும் அதையேதான் சொல்லுவா."

ஜெல்மீரா கடிதத்தைப் படித்தாள். ஒரு பக்கத்தில் எட்டு இடங்களில் 'ஸாரி' என்ற அந்தச் சொல் இருந்தது. படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் அழுக்கு இல்லை.

"என்ன எழுதியிருக்கா?"

தைத்துக் கட்டி முத்திரை இடாத மொழிபெயர்ப்பை வாய்வழியே வெளியிடக் கூடாது என்பது ஆணையத்தின் நாற்பத்தோராவது விதி. ஜெல்மீரா விதிகளை மதிப்பவள். அவற்றுள் சிலவற்றின் நிறுத்தக்குறிகளைத் திருத்திக் கொடுத்தவளே அவள்தான்.

"வெள்ளிக்கிழமை தயாரா இருக்கும்மா. அப்ப நீங்களே படிச்சுக்கலாம்."

வெள்ளிக்கிழமை வரை அவள் அந்தச் சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நிறைவேறிய நிகர் ஒன்றுதான். எட்டு இடத்திலும் அதை இட்டாள். மூலத்தையும் பெயர்ப்பையும் சேர்த்து, வெள்ளை நீலம் சிவப்பு என்று மூன்று புரி கொண்ட தேசிய நூலால் ஓரத்தைத் தைத்தாள். முடிச்சின்மேல் ஒட்டுத்தாளை ஒட்டி, பாதி தாளிலும் பாதி ஒட்டிலும் விழும்படி வட்ட முத்திரையை அழுத்தினாள். அழுத்தும்போது கை ஒரு கணம் தயங்கியது. தயங்கிய முத்திரை செல்லும் என்பதால் அப்படியே விட்டாள்.

இர்மா அங்கேயே, நின்றபடியே, விரலை வரிக்கடியில் நகர்த்திப் படித்தாள்.

'அன்புள்ள இர்மா, கையெழுத்து மோசம், வருத்தம் பதிவாயிற்று. தங்கள் தங்கையின் மறைவு குறித்து எங்கள் அனைவரின் வருத்தம் பதிவாயிற்று. ஜோஃபியா இங்கு வந்தபோது அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒன்றே: வருத்தம் பதிவாயிற்று. கதவைத் திறந்தால், வருத்தம் பதிவாயிற்று. காதில் விழாவிட்டால், வருத்தம் பதிவாயிற்று…'

விரல் நின்றது. "டாக்டரம்மா, என் தங்கச்சி மேல ஏதாவது கேஸ் நடக்குதா?"

"இல்லம்மா. அது… அரசாங்க நடை."

"ஓ," என்றாள் இர்மா. மிச்சத்தைப் படிக்காமல் தாளை உறைக்குள்ளும், உறையைத் துணிப்பைக்குள்ளும், துணிப்பையைக் கைப்பைக்குள்ளும் வைத்தாள். "நல்ல மனுஷங்கதான் போல. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்காங்க." கதவருகே திரும்பி நன்றி சொன்னாள். அந்த நன்றி ஜெல்மீராவின் நெஞ்சில் மீன்முள்ளாய்ச் சிக்கிக்கொண்டது. ரொட்டி விழுங்கியும் இறங்கவில்லை.

*

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் இர்மாவின் குரல். "நோட்டரி ஐயா திருப்பி அனுப்பிட்டாரு. பதிவாயிற்று, பதிவாயிற்றுன்னு எட்டு தடவை இருக்கே, எங்க பதிவாயிற்றுங்கறாரு. பதிவேட்டு நகல் இல்லாம விசாரணை நகராதாம். நான் எங்க போய்க் கேக்கறது?"

"நான் கேக்கறேம்மா," என்றாள் ஜெல்மீரா.

மூன்றாம் மாடியில் கிர்கோஷ்கா அவளை அன்புடன் உட்காரவைத்தார். ஓத்தீலியா கோப்பைப் பிரித்துப் பார்த்துச் சொன்னாள்:

"பதிவேடுன்னு ஒண்ணு கிடையாது, டொசென்ட் ஐயா."

"ஆனா முத்திரை போட்ட தாள்ல பதிவாயிருக்குன்னு இருக்கு."

"இருக்கு."

"முத்திரை போட்ட தாள் பொய் சொல்லுமா?"

"சொல்லாது."

"அப்ப பதிவேடு இருந்தாகணும்," என்றார் கிர்கோஷ்கா. "இருந்தாகவேண்டியது இல்லைன்னா, அது நம்ம குறை. அந்தம்மாவோட குறை இல்லை. இன்னைக்கே ஒண்ணு திறந்துருவோம். மக்களுக்காகத்தானே நாம இருக்கோம்." ஓத்தீலியா பச்சை அட்டை போட்ட புதிய பேரேடு ஒன்றைக் கொண்டுவந்தாள். முதல் பக்கத்தில் 'மத்திய வருத்தப் பதிவேடு' என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

"எட்டு வருத்தம்," என்று எண்ணினாள். "மூணு, கடிதம் எழுதின செவிலியோடது. அஞ்சு, இறந்துபோனவங்களோடது. வருத்தப்படுறவங்க அடையாள அட்டையோட நேர்ல வரணும்."

"அந்த அஞ்சுக்கும் சொந்தக்காரி இறந்துட்டாங்க," என்றாள் ஜெல்மீரா.

"வர முடியாத காரணத்தை அவங்க எழுத்து மூலமாத் தெரிவிச்சா, பரிவோட பரிசீலிப்போம்," என்றார் கிர்கோஷ்கா. அவர் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் ஜெல்மீராவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் எழுந்து நின்றாள். "டொசென்ட் ஐயா, இந்த நிகரைத் திரும்பப் பெறணும். இதைச் சொன்னது நான். யோசிச்சுச் சொல்லலை. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு. செர்ரி பழுத்திருந்துச்சு. அதனால சொன்னேன்."

ஓத்தீலியா ஜூன் மாதக் குறிப்பைப் புரட்டினாள். அதில் காபி கொட்டிய செய்தி இல்லை, கறை மட்டும் இருந்தது. "இங்க ரயில்னு எதுவும் இல்லையே. செர்ரியும் இல்லை. 'விரிவான விவாதத்துக்குப் பிறகு ஒருமனதாக'ன்னுதான் இருக்கு."

"பாருங்கம்மா," என்றார் கிர்கோஷ்கா கனிவாக, "பதினாறு கூட்டம். நாற்பத்தெட்டு மணி நேரம். அதை ஒரு செர்ரி மரத்துமேல தூக்கிப் போட முடியுமா? உங்களுக்கு மனசு உறுத்துதுன்னா அதுக்கு வழி இல்லாம இல்லை. அடையாள அட்டை கைல இருக்கா?"

இருந்தது. பச்சைப் பேரேட்டின் முதல் வரியில் ஓத்தீலியா அவள் பெயரை எழுதி, தேதியிட்டு, கையொப்பம் வாங்கினாள்.

"உங்க வருத்தம் பதிவாயிருச்சு. எண் ஒண்ணு," என்றார் கிர்கோஷ்கா, கை குலுக்கியபடி. "இப்ப லேசா இருக்கா?"

ஜெல்மீரா தன்னைச் சோதித்துப் பார்த்தாள். துல்லியத்தில் பயிற்சி பெற்றவள் ஆதலால் கவனமாகவே பார்த்தாள். குன்றிமணி எடைகூடக் குறைந்திருக்கவில்லை.

*

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் ஒன்று ஒன்பது ரயிலில் ஏறி ஜார்னோவித்ஸாவில் இறங்காமல் சென்றாள். ஸ்வோலெனில் வண்டி மாறி, தெத்வாவில் இறங்கினாள். பையில் முத்திரையும் ஒட்டுத்தாளும் மூவண்ண நூல்கண்டும் இரவெல்லாம் எழுதிய இரண்டு தாள்களும் இருந்தன. அலுவலகத்துக்கு வெளியே முத்திரையை எடுத்துச் செல்வது முதல் மீறல். மற்ற மீறல்களை அவள் ரயிலிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். ஆண்டிறுதிச் சோதனையில் ஆணையம் பிரதிகளைப் பார்க்கும். அன்று முத்திரை போய்விடும்.

அடுக்கு வீட்டின் நான்காம் மாடியில் இர்மா கதவைத் திறந்தாள். ஜெல்மீரா காலணியைக் கழற்றியதும் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பை அவள்முன் வைத்தாள், சாம்பல் நிறக் கம்பளித் துணியில் தைத்தது.

"தங்கச்சியோடது. லீவுல வர்றப்ப போட்டுக்குவா. உங்க காலுக்கு அளவாத்தான் இருக்கும்."

அளவாகத்தான் இருந்தது.

மேசைமேல் கசகசாச் சுருள் ரொட்டி வெட்டி வைக்கப்பட்டிருந்தது. ஜெல்மீரா தொடவில்லை. கட்டிய ஆவணத்தைக் கேட்டு வாங்கி மேசைமேல் வைத்தாள். "இர்மா அம்மா, கத்தரிக்கோல் இருக்கா?"

தையற்காரியிடம் கேட்கவேண்டாத கேள்வி. இர்மா நான்கை நீட்டினாள். ஜெல்மீரா சிறியதை எடுத்து மூவண்ண நூலை நறுக்கினாள். அந்நாட்டுச் சட்டப்படி, நூல் அறுந்ததும் ஆவணம் வெறும் காகிதமாகிவிட்டது.

"ஐயோ, செல்லாமப் போயிருமே," என்றாள் இர்மா.

"போகட்டும். வெறும் காகிதத்துக்கு விதி இல்லை. இப்பத்தான் நான் இதை வாய்விட்டுச் சொல்லலாம்."

மூலக் கடிதத்தை எடுத்து, ஒவ்வொரு வரியாக, சமையலறையில் பேசுகிற பேச்சில் சொல்லத் தொடங்கினாள்.

"அன்புள்ள இர்மா, என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், கோவிச்சுக்காதீங்க. உங்க தங்கச்சி போனதுல எங்க எல்லாருக்கும் மனசே சரியில்லை. ஜோஃபியா இங்க வந்தப்ப அவளுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் ஒரே ஒரு வார்த்தைதான், ஸாரி. அதை வச்சே ஒரு வருஷம் ஓட்டினா. கதவைத் திறந்துட்டு, 'உள்ள வரலாமா'ன்னு அதைத்தான் சொல்லுவா. காதுல விழலைன்னா 'என்ன சொன்னீங்க'ங்கறதுக்கும் அதுதான். கிழவங்க யாராவது அவ மேல டீயைக் கொட்டிட்டா, அவங்க சொல்றதுக்கு முன்னாடி 'பரவாயில்ல, என் தப்புதான்'னு அவ முந்திக்குவா."

இர்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அதே கழுதைதான். வீட்லயும் அப்படித்தான். நான் அவ காலை மிதிச்சா அவ மன்னிப்புக் கேப்பா."

"அவ போன அன்னைக்குக் காலைல அஞ்சு நிமிஷம் தாமதமா வந்தா. எனக்கு எரிச்சல், கத்திட்டேன். 'மன்னிச்சுக்கங்க'ன்னா. நெஞ்சைத் தடவிக்கிட்டே சொன்னா, நான் கவனிக்கலை. மத்தியானம் துணி மடிச்சுக்கிட்டு இருக்கறப்ப விழுந்துட்டா. அவகிட்ட நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. இனிமே யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை, அதனால உங்ககிட்ட சொல்றேன். என்னை மன்னிச்சிருங்க."

ஜன்னலுக்கு வெளியே யாரோ கம்பளத்தை அடித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். இர்மா கடிதத்தின் மடிப்பை விரலால் நீவி நேராக்கினாள்.

"இவ்வளவும் அதுல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பேர் என்ன அந்தப் பொம்பளைக்கு?"

"மோரீன்."

"மோரீன்," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "பாவம். அவளுக்குப் பதில் எழுதணும். நீங்க எழுதித் தரணும்."

ஜெல்மீரா புதிய தாள்களை எடுத்தாள். எட்டு இடத்திலும் எட்டுக்கும் உரிய சொற்கள் இருந்தன. எங்கும் எதுவும் பதிவாகியிருக்கவில்லை. ஆகவே நோட்டரி எந்த நகலும் கேட்க முடியாது. மூலத்தோடு அடுக்கி ஊசியைக் கோக்கப் போனபோது, இர்மா அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அறுந்த பழைய தையலைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதை யாரு தைச்சது?"

"நான்தான்."

"தெரியுது."

வெள்ளை, நீலம், சிவப்பு என்று நூல் ஊசித்துளையில் ஒரே முயற்சியில் நுழைந்தது. ஓரத்திலிருந்து ஒரே இடைவெளியில் தையல் இறங்கியது. அந்நாட்டின் எந்த ஆவணமும் அவ்வளவு நேராகத் தைக்கப்பட்டதில்லை. ஜெல்மீரா ஒட்டுத்தாளை ஒட்டினாள், முத்திரையை அழுத்தினாள். இம்முறை கை தயங்கவில்லை. ஆனால் முள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இர்மா அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த 'பதிவாயிற்று'ங்கறது ஆணையத்துக்காரங்க கண்டுபிடிச்சது இல்லை. நான் சொன்னது. ஜூன்ல ஒரு வெள்ளிக்கிழமை. கூட்டம் முடியற மாதிரி இல்லை, எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு. அது தப்புன்னு சொல்றப்பவே தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

இர்மா மீந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கோபத்துக்கான அடையாளம் எதுவும் அவள் முகத்தில் இல்லை. ஜெல்மீரா தேடினாள், கிடைக்கவில்லை.

"எந்த ரயில்?"

"ஒண்ணு ஒம்பது."

"வெள்ளிக்கிழமை ஒண்ணு ஒம்பதா?" என்று தலையை ஆட்டினாள் இர்மா. "அதுல கூட்டம் அள்ளுமே. தங்கச்சி ஜோஃப்கா கடைசியா வந்தது அதுலதான், அதே ஜூன்ல. பெட்டியைக் காலுக்கிடையில வச்சுக்கிட்டு ஸ்வோலென் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தாளாம். யாரோ அவளை இடிச்சுக்கிட்டே இருந்தாங்களாம், இவ மன்னிப்புக் கேட்டுக்கிட்டே வந்தாளாம்." ரொட்டித் தட்டை ஜெல்மீராவின் பக்கம் நகர்த்தினாள். அக்கறையோடு கேட்டாள்: "உங்களுக்காவது உக்கார இடம் கிடைச்சுதா?"

ஜெல்மீரா தன் காலிலிருந்த சாம்பல் நிறச் செருப்பைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த இரண்டு மொழிகளிலும் சொற்கள் வரிசையாக வந்து நின்றன, ஒன்றும் பொருந்தவில்லை.

"கிடைச்சுது," என்றாள். "ஜன்னலோரம்."